லொறி ஆப்பில ஏத்தின கச்சான் காணாமப் போச்சு, ஆர் பொறுப்பு?

கேள்வி:

அக்கா, நாங்கள் பரந்தன் முல்லைத்தீவு ரோட்டுப் பக்கம் இருக்கிறம். அம்மாவின்ர 38 மூட்டை கச்சானும் பக்கத்துவீட்டு மாமியின்ர 22 மூட்டையும், மூட்டைக்கு 40 கிலோ, கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில ஒரு கடைக்கு அனுப்ப என்ர போனில ஒரு லொறி ஆப்பில ஹயர் போட்டன். ஆப்பே 58,000 ரூபா எண்டு கூலியும் போட்டு ஒராளையும் தந்தது, பேருக்குப் பக்கத்தில பச்சை டிக், சரிபார்க்கப்பட்ட சாரதி எண்டு இருந்தது. கம்பனி தன்ர கட்டணம் 2,900 ரூபாய எடுத்தது. டீசலுக்கு 20,000 அட்வான்ஸ் போடச் சொல்லி ஆப்புக்குள்ளயே மெசேஜ் வந்தது, கணக்கு வேற பேரில இருந்தது, போட்டிட்டன். பின்னேரம் வந்த எல்ஃப் லொறியின்ர நம்பர் ஆப்பில காட்டின நம்பர் இல்ல. கேட்டதுக்கு 'அந்த லொறி கராஜில, இது அண்ணன்ட' எண்டார். மழை இருட்டிக்கொண்டு வந்தது, ஏத்திவிட்டம். சாமான் கொழும்புக்குப் போகேல்ல. தங்கச்சி எடுத்த வீடியோவில இருந்த நம்பர வச்சு லொறிக்காரர அனுராதபுரத்துப் பக்கம் தேடிப் பிடிச்சம். ஆப் எல்லாம் தனக்குத் தெரியாது, வாட்ஸ்அப் குரூப்பில ஒருத்தன் ஹயர் தந்தவன், தம்புள்ளயில இறக்கச் சொன்னவன், இறக்கிக் கூலியும் வாங்கிட்டன் எண்டுறார். ஆப்பில பேர் இருந்தவன் ஒரு வவுனியாப் பொடியன், மாசம் 5,000 ரூபாய்க்குத் தன்ர கணக்க ஆருக்கோ வாடகைக்குக் குடுத்திருக்கிறான். கம்பனி 'நாங்கள் அறிமுகம் செய்யிற தளம் மட்டும்தான், விதிமுறையில இருக்கு' எண்டு மூண்டு வரியில பதில். பொலிஸில 'இது காசுப் பிரச்சினை, கோட்ஸுக்குப் போங்கோ'. அஞ்சு கிழமையாச்சு. மாமி வாய் திறந்து ஒண்டும் கேக்கேல்ல, மகன் கேக்கிறான். அவையின்ர பங்கு 330,000 ரூபா வரும். அத நான் குடுக்கவேணுமோ? ஆர் இதுக்குப் பொறுப்பு?

பதில்:

தம்பி, உங்கட கடிதத்த மூண்டு தரம் வாசிச்சன். முதல் வாசிக்கேக்க கம்பனியில கோவம் வந்தது, ரெண்டாந்தரம் அந்த வவுனியாப் பொடியனில, மூண்டாந்தரம் வாசிக்கேக்கதான் ஒரு வரி கண்ணில குத்தினது, அதால அந்த வரியில இருந்தே துடங்கிறன்.

'அந்த லொறி கராஜில, இது அண்ணன்ட.' இத உங்களுக்குச் சொன்னது ஆர்? எல்ஃப ஓட்டிக்கொண்டு வந்தவர். அதே மனிசன்தான் இப்ப ஆப் எல்லாம் தனக்குத் தெரியாது எண்டுறார். அப்ப எந்த லொறி கராஜில நிண்டது? வாட்ஸ்அப்பில ஹயர் கிடைச்சு வந்த ஒராளுக்கு, உங்கட போனில வேறொரு லொறியின்ர நம்பர் இருக்கிறது எப்பிடித் தெரியும், அதுக்கு ஒரு அண்ணனும் கராஜும் எங்கயிருந்து வந்தது? ஒண்டில் அவரும் கூட்டு, இல்லாட்டி 'நம்பரப் பற்றிக் கேட்டா இப்பிடிச் சொல்லு' எண்டு ஒருத்தன் சொல்லிக்குடுத்ததக் கேட்டு, ஏன் பொய் சொல்லவேணும் எண்டு ஒரு நிமிசமும் யோசிக்காம வந்து சொல்லியிருக்கிறார். முதலாவது குற்றம், ரெண்டாவது பெரிய கவலையீனம். ரெண்டில எது எண்டு எனக்குத் தெரியாது, நீங்களும் ஊருக்குள்ள அவரக் கள்ளன் எண்டு சொல்லித் திரியவேண்டாம். ஆனா 'நான் வெறும் லொறிக்காரன், எனக்கு ஒண்டும் தெரியாது' எண்ட கதை இந்த ஒரு வரிக்கு முன்னால நிக்காது. பொலிஸில குடுத்த முறைப்பாட்டில இந்த வசனம் இருக்கோ? அநேகமா இருக்காது, ஏனெண்டா நீங்கள் காசுக் கணக்கத்தான் முதல் சொல்லியிருப்பியள். அதச் சேர்த்து மேலதிக வாக்குமூலம் ஒண்டு குடுங்கோ.

'காசுப் பிரச்சினை' எண்டு அனுப்பினது சரியில்ல. பொய் சொல்லி நம்பவச்சு ஒராளின்ர கையில இருந்து சாமான எடுக்கிறது தண்டனைச் சட்டக்கோவையின்ர 403ஆம் பிரிவில வாற குற்றம், ஏழு வருசம் வரைக்கும் மறியல் இருக்கு. ஏத்திக்கொண்டு போறதுக்கெண்டு நம்பிக் குடுத்த சாமான ஏத்திறவரே வேற வழியில கையாடினா அதுக்கு 390ஆம் பிரிவு தனியா இருக்கு, காவிச்செல்லுறவர் எண்டே பேர் சொல்லி எழுதியிருக்கு. கூலியக் குடுக்கேல்ல, கூலி கூடிப்போச்சு எண்டு சண்டை எண்டா அது காசுப் பிரச்சினை. துவக்கத்தில இருந்தே கொழும்புக்குப் போற எண்ணம் இல்லாம, வாடகைக் கணக்கு, வேற நம்பர், வேற பேரில பாங்க் கணக்கு எண்டு ஆயத்தம் செய்து வந்து ஏத்தினது மோசடி. முறைப்பாட்டப் பதிஞ்ச இலக்கத்த வாங்கி வையுங்கோ. அவை அசையேல்ல எண்டா குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்ர 136ஆம் பிரிவில நீங்களே நேரா நீதவான் நீதிமன்றத்தில தனிப்பட்ட முறைப்பாடு போட ஏலும், அது கடைசி வழி, ஆனா இருக்கு எண்டு தெரிஞ்சிருந்தா பொலிஸில கதைக்கேக்க குரல் நடுங்காது. இன்னொண்டு, வடக்குக் கிழக்கில தமிழ் நிர்வாக மொழி எண்டு அரசியலமைப்பின்ர 22ஆம் உறுப்புரை சொல்லுது. உங்கட வாக்குமூலத்தத் தமிழில எழுதச் சொல்லிக் கேளுங்கோ, விளங்காத மொழியில எழுதினதுக்குக் கீழ கையெழுத்து வைக்காதேங்கோ, வாசிச்சுக் காட்டினாலும் வைக்காதேங்கோ. 'வெள்ளை எல்ஃப்' எண்டது மாறி 'வெள்ளை லொறி' எண்டு போனதால பிறகு குறுக்கு விசாரணையில ரெண்டு மணித்தியாலம் வீணாப் போன வழக்கு எனக்குத் தெரியும்.

மாமியும் தனியா ஒரு வாக்குமூலம் குடுக்கவேணும். அந்த 22 மூட்டைக்கும் சொந்தக்காரி அவதான், நீங்கள் இல்ல. இத முதல் செய்யுங்கோ, மகன் கேக்கிற கேள்விக்கும் இது பாதி மறுமொழி.

இப்ப லொறிக்காரர் காசு தரவேணுமோ எண்ட கதை. எங்கட நாட்டில ஒப்பந்தத்துக்கு அநேகமா ரோமன் டச்சுச் சட்டம்தான், ஆனா தரகர் முகவர் விசயத்துக்கும் தரைவழியாச் சாமான் ஏத்திற விசயத்துக்கும் இங்கிலாந்துச் சட்டத்தப் பாவிக்கவேணும் எண்டு எங்கட குடியியல் சட்டக் கட்டளைச்சட்டத்தின்ர 3ஆம் பிரிவு சொல்லுது. வெள்ளைக்காரன் காலத்தில, மாட்டுவண்டியில கோப்பி ஏத்தின நாளையில கொண்டுவந்த ஏற்பாடு, இண்டைக்கு எல்ஃபுக்கும் ஆப்புக்கும் அதுதான் பொருந்துது. அந்தச் சட்டப்படி கூலிக்கு ஏத்திறத தொழிலா வச்சிருக்கிறவர், ஏத்தின சாமான் சேரவேண்டிய இடத்தில சேரேல்ல எண்டா தன்னில பிழையில்ல எண்டத அவர்தான் காட்டவேணும், நீங்கள் அவரில பிழை காட்டவேண்டியதில்ல. அவர் ஆருக்கெண்டாலும் பொதுவா ஏத்திறவர் எண்டு நிறுவினா இன்னும் இறுக்கம், வெள்ளம் இடி மாதிரிக் கடவுள் செயல், எதிரிப்படை, சாமான்ர சொந்தப் பழுது, அனுப்பினவரின்ர பிழை எண்டு நாலைஞ்சு விலக்குத்தான் மிச்சம். அவர் சொல்லுவார் எனக்கு ஹயர் தந்தவன் தம்புள்ளயில இறக்கச் சொன்னவன் எண்டு. ஏத்தின இடத்தில மூட்டையோட நிண்டது நீங்கள், கொழும்பு எண்டு வாயால சொன்னது நீங்கள். நடுவழியில போனில ஒரு குரல் இடத்த மாத்தச் சொன்னா, சாமான்காரருக்கு ஒரு கோல் எடுத்துக் கேக்கிறதுக்கு எவ்வளவு நேரம்? உங்கட நம்பர் அவரிட்ட இருந்ததோ இல்லையோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ, இருந்தது எண்டா போனில அந்த நாள் கோல் பதிவு இருக்கும், அது பெரிய சாட்சி. தம்புள்ளயில எந்தக் கடையில இறக்கினவர், ஆர் பாரம் எடுத்தது, துண்டு ஏதும் தந்தவையோ எண்டு அவர் சொல்லியே ஆகவேணும், அத அவரிட்ட எழுத்தில வாங்கப் பாருங்கோ, சண்டை பிடிக்காம, ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போய்.

சரி, கம்பனி. இதிலதான் ஆக்கள் எல்லாரும் களைச்சுப் போய் விட்டிடுறவை, ஏனெண்டா அந்த மூண்டு வரி மெசேஜ் ஏதோ தீர்ப்பு மாதிரி இருக்கும்.

என்ர அப்பா நெல்லு அனுப்பின காலத்தில வவுனியாவில ஒரு தரகர் இருந்தவர். கடை எண்டு சொல்ல ஒரு மேசை, ஒரு பில் புத்தகம், நீலக் காபன் தாள். லொறியின்ர நம்பர், சாரதியின்ர பேர், எத்தினை மூட்டை, எங்க இறக்கிறது எல்லாம் எழுதி மேல்தாள அப்பாவிட்டக் குடுத்து அடித்தாள அவர் வச்சிருப்பார். அவரும் 'நான் லொறி பிடிச்சுத்தான் குடுக்கிறன்' எண்டு சொல்லுறவர்தான், அது உண்மையும்தான். ஆனா ஒருக்கா ஏழு மூட்டை குறைஞ்சு போச்சுது எண்டதுக்கு, அந்த அடித்தாளோட அவரே வந்து எங்கட முத்தத்தில இருந்து கணக்குப் பாத்தவர். லொறி தன்ர இல்ல, ஆனா அந்த லொறிய நல்லம் எண்டு சொன்ன வாய் தன்ர வாய் எண்டு அவருக்கு விளங்கினது. அந்தச் சொன்ன வாய்க்கு ஒரு பொறுப்பு இருக்கு எண்டது வவுனியாத் தரகருக்கு மட்டும் உரிய நல்ல குணம் இல்ல, சட்டத்திலயும் அப்பிடித்தான்.

ஒரு ஆப் வெறும் மரப்பலகை மாதிரி இருக்கலாம், லொறி தேவை எண்டு நீங்கள் ஒட்டுறியள், லொறிக்காரர் பாத்து உங்களுக்கு எடுக்கிறார், கூலி நீங்கள் ரெண்டுபேரும் பேசுறியள், பலகைக்காரனுக்கு ஒட்டுக்கூலி. அப்பிடி எண்டா அவன் அறிமுகம் மட்டும்தான் எண்டு சொல்லுறதில நியாயம் இருக்கு. உங்கட ஆப் அப்பிடியோ? கூலிய அது போட்டது. ஆள அது தெரிவு செய்து தந்தது. கட்டணத்த அது எடுத்தது. அட்வான்ஸ் கேட்ட மெசேஜ் அதுக்குள்ளயே வந்தது. எல்லாத்துக்கும் மேல ஒரு பச்சை டிக்கப் போட்டு 'சரிபார்க்கப்பட்ட' எண்டு தன்ர வாயால சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின்ர நீதிமன்றத்துக்கு இதே கேள்வி வாடகைக்கார் விசயத்தில வந்தது, ஊபர் கம்பனியும் நாங்கள் இணைக்கிற தொழில்நுட்பம் மட்டும்தான் எண்டு சொன்னது, 2017 டிசம்பர் 20 இல அந்த நீதிமன்றம், விலையிலயும் சாரதி எப்பிடி வேலை செய்யிறது எண்டதிலயும் இவ்வளவு கையாளுகை இருந்தா இது போக்குவரத்துச் சேவைதான் எண்டு தீர்த்தது. ரெண்டு வருசம் கழிச்சு, 2019 டிசம்பரில, வீடு அறை வாடகைக்கு விடுற ஏர்பிஎன்பி விசயத்தில அதே நீதிமன்றம் 'இல்ல, இவை இடைத்தரகர்தான்' எண்டது, ஏனெண்டா அங்க வாடகைய வீட்டுக்காரர் தானே போடுறார். அந்தத் தீர்ப்புகள் எங்கட கோட்ஸக் கட்டாது, அதச் சும்மா உங்களுக்கு உசார் குடுக்கச் சொல்லேல்ல. பேரில என்ன இருக்கு எண்டு பாக்காம ஆர் என்ன செய்தது எண்டு பாக்கிறதுதான் வழி, எங்கட சட்டத்தரணியும் அந்த வழியிலதான் வாதிடுவார். அமெரிக்காவில லொறித் தரகர் லைசன்ஸ் எடுக்கிறதுக்கே 75,000 டொலர் பிணை கட்டவேணும், முந்தி 10,000 ஆ இருந்தத 2013 இல கூட்டினவை, ஒரு ஹயர எடுத்து இன்னொருத்தனுக்குக் கள்ளமா மாத்திவிடுற உங்கட கேஸ் மாதிரித் திருகுதாளத்துக்கு அங்க டபுள் புரோக்கரிங் எண்டு பேரே இருக்கு. ஆகவே இது ஆருக்கும் எதிர்பாக்க ஏலாத புதுக் களவு எண்டு கம்பனி சொல்லவும் ஏலாது, லொறி ஆப் நடத்திறவைக்கு முதல் தெரியவேண்டிய களவே இதுதான்.

'விதிமுறையில இருக்கு' எண்டதுக்கு ஒரு மறுமொழி. 1997 இல நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் எண்டு ஒரு சட்டம் வந்தது, 26ஆம் இலக்கம். கவலையீனத்தால வந்த நட்டத்துக்குப் பொறுப்பில்ல எண்டு ஒருவர் முன்கூட்டியே அச்சடிச்சு வச்சா, அது நியாயமான நியதியோ எண்டு நீதிமன்றம் பாக்கும், நியாயமில்லாட்டி அந்த வரி நிக்காது. அவை எழுதி நீங்கள் ஓகே அமத்தினது மட்டும் காணாது. விதிமுறை தமிழில இருந்ததோ, எத்தினை பக்கம், அமத்த முதல் அது முழுக்கத் திறந்ததோ எண்டதெல்லாம் இதில பாக்கவேண்டிய விசயம். ஒரு பக்கம் பெரிய எழுத்தில சரிபார்த்தாச்சு எண்டு சொல்லிக் கட்டணத்த எடுத்துக்கொண்டு, மற்றப் பக்கம் சின்ன எழுத்தில நாங்கள் ஒண்டையும் சரிபார்க்கேல்ல எண்டு எழுதி வைக்கிறது நியாயம் எண்டு வாதிடுறது கஸ்டம்.

இதில உங்களுக்கு நாள் கணக்கு ஒண்டு ஓடிக்கொண்டிருக்கு. 2003 இன் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்ர 30ஆம் பிரிவில, வியாபாரம் செய்யிறவர் ஆக்களத் தவறா விளங்கப்பண்ணிற மாதிரி நடக்கக்கூடாது எண்டு இருக்கு, 13ஆம் பிரிவில முறைப்பாடு குடுக்கலாம், ஆனா எழுத்தில, சேவை கிடைச்ச நாளில இருந்து மூண்டு மாசத்துக்குள்ள. அஞ்சு கிழமை போட்டுது, ஏறத்தாழ எட்டுக் கிழமை இருக்கு. அதிகாரசபையின்ர 1977 எண்ட போன் இலக்கத்துக்கு எடுத்தாக் கதைக்கலாம், எண்டாலும் எழுதின முறைப்பாடு கட்டாயம். சிவில் வழக்குக்கு நேரம் கூட இருக்கு, எழுத்து ஒப்பந்தம் எண்டா ஆறு வருசம், வாய்ப்பேச்சு எண்டா மூண்டு, கவலையீனத்தால வந்த நட்டத்துக்கு ரெண்டு வருசம். ஆப்பில அமத்தினது எழுத்து ஒப்பந்தமோ எண்டு அவையின்ர சட்டத்தரணி இழுப்பார், 2006 இன் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் இருக்கு, மின்னணு வடிவில இருக்கு எண்டதுக்காக மட்டும் ஒரு ஒப்பந்தத்தச் செல்லாது எண்டு தள்ள ஏலாது. ஆனா நீங்கள் ரெண்டு வருசம் எண்டே மனசில வச்சு நடவுங்கோ. தொகையப் பொறுத்து முதல் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டி வரும், அத அலைச்சல் எண்டு நினைக்காதேங்கோ, லொறிக்காரரோட ஒரு இணக்கம் வாறதெண்டா அங்கதான் வரும்.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். நீங்கள் குடுக்கவேணுமோ.

1988 இல இங்கிலாந்தில ஒரு வழக்கு. ஒரு பொம்பிளை கார் வாங்கத் தனக்கு அவ்வளவு தெரியாது எண்டு, கார் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்ச நண்பரிட்ட ஒரு பாவிச்ச கார் பாத்துத் தரச் சொல்லிக் கேட்டவ, அடிபட்ட கார் மட்டும் வேண்டாம் எண்டு. அவர் ஒரு சதம் வாங்காமப் பாத்துக் குடுத்தார், நல்ல கார் எண்டார். காரின்ர பொனட் ஒருக்கா நெளிஞ்சு நிமித்தின மாதிரி இருந்தத அவர் கண்டவர், கண்டும் விக்கிறவனிட்ட ஒரு கேள்வி கேக்கேல்ல. கார் பெரிசா அடிபட்டுத் திருத்தினது எண்டு பிறகு தெரிஞ்சது. சும்மா செய்த உதவி எண்டாலும், உங்கள நம்பித்தான் அவ வாங்கினவ எண்டு தெரிஞ்சு செய்தா நியாயமான கவனம் எடுக்கவேணும் எண்டு சொல்லி நீதிமன்றம் அந்த நண்பரில பொறுப்பு வச்சது. முகவர் விசயத்தில எங்களுக்கும் இங்கிலாந்துச் சட்டம் எண்டு மேல சொன்னனெல்லோ, அதாலதான் இதச் சொல்லுறன்.

உங்கட நெளிஞ்ச பொனட் அந்த நம்பர் தகடு, தம்பி. நீங்கள் கண்டனீங்கள். ஆனா அந்த நண்பரப்போல சும்மா விடேல்ல, வாய் திறந்து கேட்டனீங்கள், அதில ஒரு வித்தியாசம் இருக்கு. கேட்டதுக்கு வந்த மறுமொழிய ஆப்புக்குள்ள இருக்கிற நம்பருக்கு எடுத்து ஒருக்காச் சரிபார்த்திருக்கலாம், சரிபார்க்கேல்ல. அப்பவும் கணக்கு வாடகைக்கு எடுத்தவன்தான் எடுத்துப் 'ஓம் ஓம் அண்ணன்ட லொறிதான்' எண்டிருப்பான் எண்டு எனக்குத் தோணுது. கம்பனியின்ர ஹொட்லைனுக்கு எடுத்திருந்தா வேற கதையா இருந்திருக்கலாம். மழை இருட்டேக்க முத்தத்தில 60 மூட்டை கச்சான் கிடந்தா ஒரு மனிசன் என்ன யோசிப்பான் எண்டது எனக்கும் தெரியும், நனைஞ்சாப் பூஞ்சணம் பிடிச்சு முழுதும் கழிவு. கோட்ஸில இதையும் சொல்லத்தான் வேணும். மாமியும் அந்த நேரம் அங்க நிண்டவவோ? நிண்டவ எண்டா, நம்பர் மாறின கதை அவவுக்கும் தெரியும் எண்டா, அது உங்கட பக்கம் நிக்கிற விசயம்.

என்ர அபிப்பிராயம் என்னெண்டா, உங்களில ஒரு பங்கு பொறுப்பு இருக்கு எண்டு ஒரு நீதிபதி நினைக்க இடம் இருக்கு, முழுப் பொறுப்பும் எண்டு நினைக்க இடமே இல்ல. ஒராளுக்கு மேற்பட்டவையின்ர பிழையால நட்டம் வந்தா அதப் பங்கு போடுறதுக்கு 1968 இலயே எங்கட நாட்டில சட்டம் வந்தது, 12ஆம் இலக்கம். அந்தப் பங்கில ஏமாத்தினவன், கணக்கு வாடகைக்கு விட்டவன், லொறிக்காரர், கம்பனி எல்லாரும் வருவினம், நீங்கள் கடைசிலதான் வருவியள். இந்தப் பகுதிய உங்கட எதிர்ப்பக்கமும் வாசிக்கக்கூடும் எண்டு தெரிஞ்சும் எழுதுறன், ஏனெண்டா கம்பனியின்ர முதல் கேள்வி 'நம்பர் வேற எண்டு தெரிஞ்சும் ஏன் ஏத்தினனீங்கள்' எண்டதாத்தான் இருக்கும், அத முதல் முதல் கோட்ஸில கேட்டு நீங்கள் முழுசக்கூடாது.

ஆகவே 330,000 ரூபாய்க்கு ஒரு பேப்பரிலயும் 'நான் தருவன்' எண்டு கையெழுத்து வைக்காதேங்கோ. மாமியின்ர மகன் கோவத்தில ஒரு தாள நீட்டினாலும் வைக்காதேங்கோ. அம்மாவின்ர நகைய அடைவு வைக்கிறது, கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில வந்து நிக்கிற நுண்கடன்காரரிட்ட எடுத்து மாமியின்ர கணக்கத் தீர்க்கிறது, இந்த யோசனை ஏதும் இருந்தா இண்டைக்கே விடுங்கோ. வன்னியில ஒரு கடனத் தீர்க்க நுண்கடன் எடுத்து, அத அடைக்க இன்னொண்டு எடுத்து, கடைசியா வீட்டில இருக்கப் பயந்து ஒளிச்சுத் திரியிற பொம்பிளையள நான் என்ர மேசைக்கு முன்னால எத்தினையோ பேரக் கண்டிட்டன். மாமிக்கு நீங்கள் குடுக்கக்கூடியது வேற. எங்க என்ன திரும்பி வந்தாலும் 60 இல 22 பங்கு அவவுக்கு, 38 பங்கு உங்களுக்கு, வழக்குச் செலவும் அதே கணக்கில எண்டு ரெண்டு வீடும் எழுதிக் கையெழுத்து வையுங்கோ. மாமி பேசாம இருக்கிறது உங்களில கோவமில்ல எண்டு எடுக்கவேண்டாம், நீங்களே போய்க் கதையுங்கோ, மகனும் வீட்டில நிக்கிற நேரமாப் பாத்து.

அந்த வவுனியாப் பொடியனப் பற்றியும் ஒரு சொல், இது உங்களுக்கு மட்டும் இல்ல. மாசம் 5,000 ரூபாய்க்கு ஆப் கணக்கக் குடுக்கிறது, பாங்க் கார்டயும் பின் நம்பரையும் குடுக்கிறது, சிம் எடுத்துக் குடுக்கிறது, இது இப்ப எங்கட பொடியளுக்குள்ள ஒரு சின்ன வருமானம் மாதிரிப் பரவுது, வேலை இல்லாத பொடியனுக்கு ஒருத்தன் வந்து சும்மா இருக்கிற கணக்குக்குக் காசு தாறன் எண்டாக் குடுத்திடுறான். அந்தப் பேரில நடக்கிற களவுக்குப் பொலிஸ் முதல் தட்டுறது அவன்ர வீட்டுக் கதவ. தெரிஞ்சு குடுத்தா உடந்தை, தெரியாமக் குடுத்தன் எண்டதக் காட்ட வருசக்கணக்கா கோட்ஸுக்கு அலையவேணும். நீங்கள் அவனோட சண்டைக்குப் போகாதேங்கோ. ஆர் அந்த 5,000 ரூபாய மாசா மாசம் போட்டது எண்டு அவனுக்குத் தெரியும், ஏதோ ஒரு கணக்கில இருந்தோ ஒரு கையில இருந்தோ வந்திருக்கும். இந்த முழுக் கதையிலயும் கள்ளனுக்குக் கிட்டவாப் போற நூல் அதுதான், அவன் எதிரியா நிக்கிறதிலும் சாட்சியா வாறது உங்களுக்கு நல்லம்.

இந்தக் கிழமை செய்யவேண்டியதச் சொல்லிவிடுறன். பாங்குக்குப் போய் அந்த 20,000 போன கணக்கப் பற்றி எழுத்தில முறைப்பாடு குடுங்கோ, காசு அண்டைக்கே எடுத்திருப்பாங்கள், திரும்பி வரும் எண்டு நம்பவேண்டாம், ஆனா கணக்கு ஆற்ற எண்டு நீதிமன்றம் கேக்கேக்க பாங்கிட்ட உங்கட கடிதம் ஏற்கனவே இருக்கிறது நல்லம். பாங்க் சரியா மறுமொழி சொல்லாட்டி மத்திய வங்கியின்ர 1935 இலக்கம் இருக்கு. கம்பனிக்குப் பதிவுத் தபாலில ஒரு கோரிக்கைக் கடிதம், சட்டத்தரணி மூலமா. அதில காசக் கேக்கிறதோட, அந்தப் பச்சை டிக்குக்கு என்னென்ன பத்திரம் பாத்தவை, எந்த லொறி பதிஞ்சிருந்தது, அந்தக் கணக்கு எந்தப் போனில எந்த ஊரில இருந்து திறந்தது, இதே கணக்கப் பற்றி முந்தி ஆரும் முறைப்பாடு செய்தவையோ எண்டு கேக்கவேணும், இந்தத் தரவு ஒண்டையும் அழிக்கவேண்டாம் எண்டும் எழுதவேணும். முந்தி ஒரு முறைப்பாடு வந்தும் டிக்க விட்டு வச்சிருந்தாங்கள் எண்டு தெரிஞ்சா உங்கட வழக்கின்ர பாரமே மாறிடும். சட்டத்தரணிக்குக் காசு இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவிட்டப் போங்கோ, வடக்கிலயும் அவையின்ர நிலையங்கள் இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குத்தான் அது இருக்கிறது.

பரந்தன் சந்தியில இருந்து ஏ9 நெடுக கமெரா பூட்டின கடையும் பெற்றோல் செட்டும் இருக்கு, ஆனா அந்தப் பதிவுகள் கொஞ்ச நாளில மேல மேல அழிஞ்சு எழுதுப்படும், அஞ்சு கிழமைக்குப் பிறகு கிடைக்கும் எண்டு சொல்ல ஏலாது, எண்டாலும் அந்த எல்ஃப் டீசல் அடிச்ச செட் எது எண்டு தெரிஞ்சாப் போய்க் கேட்டுப் பாருங்கோ.

அடுத்தமுறை ஏத்தேக்க, ஆப்போ தெரிஞ்ச லொறியோ எதெண்டாலும், முன் கண்ணாடியில ஒட்டியிருக்கிற வருமான அனுமதிப்பத்திரத்தக் கிட்டப் போய் வாசியுங்கோ. அதில வாகன நம்பர் இருக்கும், திகதி இருக்கும். அந்த நம்பரும் தகட்டு நம்பரும் ஆப் நம்பரும் மூண்டும் ஒண்டா இருக்கவேணும். ஒண்டு மாறினாலும் மூட்டையில கை வைக்க விடாதேங்கோ, தறப்பாள இழுத்து மூடுங்கோ, ஒரு இரவு நனையிற நட்டம் 60 மூட்டை போற நட்டத்திலும் சின்னன். ஒரு கொப்பித் தாளில எண்டாலும் எத்தினை மூட்டை, எந்தக் கடை, வேற இடத்தில இறக்கிறதெண்டா இந்த நம்பருக்கு எடுக்கவேணும் எண்டு எழுதிச் சாரதியிட்டக் கையெழுத்தும் அடையாள அட்டை நம்பரும் வாங்கிப் படம் எடுங்கோ. நேர்மையான லொறிக்காரர் இதுக்குக் கோவிக்க மாட்டினம், அவைக்கும் இது பாதுகாப்பு.

தங்கச்சியின்ர வீடியோ இருக்கிற போன விக்கவும் வேண்டாம், ரீசெட் பண்ணவும் வேண்டாம், வாட்ஸ்அப்பில அனுப்பினது தெளிவு குறைஞ்சு போய்த்தான் வரும், எடுத்த போனில இருக்கிற முதல் வீடியோதான் கோட்ஸில பெறுமதி. அதில அந்த மனிசன்ர குரலும் பதிஞ்சிருக்கோ எண்டு ஒருக்காச் சத்தத்தக் கூட்டிக் கேளுங்கோ. 'அண்ணன்ட' எண்ட சொல் அதில கேட்டுது எண்டா, அந்தப் போன ஒரு உறைக்குள்ள போட்டுக்கொண்டு நேர சட்டத்தரணியிட்டப் போங்கோ.